கதைத்தலும் பேசுதலும்

வடமராட்சிக் கிராமம் ஒன்றிலே, வீட்டு விறாந்தையில் மூதாட்டி ஒருவர் தொலைபேசியைக் காதோடு அணைத்தபடி அமர்ந்திருக்கிறார். மறுமுனையில் அவருடைய பேரன். ரொறன்ரோவிலே பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்று, எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றவன். தான் கற்ற தமிழை அம்மம்மாவிடம் காட்டும் ஆவலோடு அவன் கேட்கிறான்: "அம்மம்மா, உங்களோடு கொஞ்ச நேரம் பேசலாமா?"

மூதாட்டி ஒரு கணம் வாளாவிருந்தார். பின்னர், "ஏன் மோனை, அம்மம்மா என்ன பிழை விட்டனான், என்னைப் பேசுறதுக்கு?" என்றார்.

விறாந்தையில் இருந்தோர் சிரித்தனர், மூதாட்டியும் சிரித்தார். ஆயினும் தொலைபேசியை வைத்தபின், "பிள்ளை வடிவாய்த் தமிழ் கதைக்குது, ஆனால் ஆரோ வெளியாள் கதைக்கிற மாதிரிக் கிடக்குது" என்று அவர் கூறியபோது அச்சிரிப்பு அவர் முகத்தில் இருக்கவில்லை.

பேரன் கூறியதிற் பிழை யாதும் இல்லை. தமிழ்கூறு நல்லுலகின் பெரும்பகுதி அவ்வாறே கூறும். ஆயின் யாழ்ப்பாணத்தார் ஒருவருக்கு அச்சொல் ஏன் அந்நியமாக ஒலித்தது? இரண்டு வினைச்சொற்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு, ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் இடையிலே தூரமாக எவ்வாறு மாறியது? அன்றாடம் ஆயிரந்தடவை வாயில் வந்துபோகும் சொல்லை எவரும் நின்று நோக்குவதில்லை. 'கதைத்தல்' என்பதும் அத்தகைய ஒரு சொல்லே.

யாழ்ப்பாணத்து வழக்கில் ஒருவர் மற்றொருவருடன் சாதாரணமாகச் சொல்லாடுவது கதைத்தல் எனப்படும். சந்தையிலும் சந்தியிலும் கதைப்பர். கிணற்றடியிலும் படலையடியிலும் கதைப்பர். தொலைபேசி என்னும் கருவியின் பெயரிலேயே 'பேசி' என்பது இருந்தபோதிலும், அதில் அவர்கள் கதைப்பார்களேயன்றிப் பேசமாட்டார்கள். ஒரு குடும்பத்தோடு உறவு அற்றுப்போயின் 'அவையோடை எங்களுக்குக் கதைபேச்சில்லை' என்பர். செய்தி ஒன்று பரவினால் 'ஊரிலே கதை அடிபடுகுது' என்பர். பழிக்கு அஞ்சும் தாய் மகளிடம் 'நாலுபேர் கதைக்கப் போகினம்' என்று எச்சரிப்பாள். கைகடந்த காரியம் ஒன்றைப் பற்றி 'இனிக் கதைச்சு வேலையில்லை' என்று பெருமூச்செறிவர். வாழ்வின் நன்மை தீமை அனைத்தும் இவ்வொரு வினையைச் சுற்றியே சுழல்வதைக் காணலாம்.

இனிப் 'பேசுதல்' யாழ்ப்பாணத்தில் வழங்காத சொல் அன்று. அதற்குத் தனியான ஆட்சிப்புலங்கள் உண்டு. முதலாவது, கண்டித்தல். 'அப்பா பேசிப்போட்டார்' என்று பிள்ளை கூறினால், தந்தை உரையாடினார் என்பது பொருளன்று. ஏசினார் என்பதே பொருள். இரண்டாவது, மேடை. ஆறுமுக நாவலர் 1847 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தொடக்கிவைத்த பிரசங்க மரபு, பின்னர் அரசியல் மேடையிலும் பாடசாலைப் பேச்சுப் போட்டியிலும் தொடர்ந்தது. அங்கெல்லாம் நிகழ்வது பேச்சே. மூன்றாவது, பேரம். திருமணத்தின் பொருட்டு இருவீட்டாரும் சீதனமும் சாதகமும் பற்றிக் கூடித் தீர்மானிப்பது 'பேச்சுக்கால்' எனப்படும். நான்காவது, அரசியல் இணக்க முயற்சி. 1985 ஆம் ஆண்டில் திம்புவில் நிகழ்ந்தது பேச்சுவார்த்தை. அதனைக் 'கதை' என்று கூறியோர் எவருமிலர்.

இந்நான்கிற்கும் பொதுவான பண்பு யாது? பேச்சு ஒரு நோக்கத்தோடு ஒருவரை நோக்கிச் செலுத்தப்படுவது; கதை இருவருக்கிடையே நிகழ்வது. இவ்வேறுபாட்டை இலக்கணமும் காட்டிநிற்கிறது. கண்டித்தற் பொருளில் 'அவனைப் பேசினார்' என இரண்டாம் வேற்றுமை வருகிறது. அவன் செயப்படுபொருள்; பேச்சு அவன்மேல் விழுகிறது. 'அவனோடு கதைத்தார்' என்னுமிடத்தோ உடனிகழ்ச்சிப் பொருளுடைய மூன்றாம் வேற்றுமை வருகிறது. அவன் வினையின் பங்காளி; அவனின்றி அவ்வினை நிகழாது. பேரன் 'உங்களோடு' என்று உருபினைச் சரியாகவே இட்டுக் கேட்டான். ஆதலின் மூதாட்டி அவன் கருத்தை அறியாதவர் அல்லர். பங்காளியாக இருக்கவேண்டிய இடத்தில் தன்னை ஒரு பார்வையாளராக நிறுத்திய அச்சொல்லின் மேலேயே அவர் மனத்தாங்கல் கொண்டார்.

கதைத்தல் என்னும் வினை 'கதை' என்னும் பெயரடியாகப் பிறந்தது. அப்பெயர் வடமொழிக் 'கதா' என்பதன் தமிழ் வடிவம். வடசொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாவதை நன்னூலார் விதந்து கூறுவர். சபா சபையாகவும் பூஜா பூசையாகவும் வந்தமை போன்றதே இது. (வீமன் கையில் ஏந்திய கதை வேறு, அது தண்டாயுதம். சில கதைகள் அதனினும் வலிய அடி தரும் என்பது வேறு செய்தி.) பெயராகப் புகுந்த சொல், உரை - உரைத்தல், விதை - விதைத்தல், பகை - பகைத்தல் என்னும் தமிழ்ச் சொற்களின் வரிசையிலே தானும் சென்று நின்றுகொண்டது. கதைக்கிறேன், கதைத்தேன், கதைப்பேன் என அது திரியும் முறையில் அயன்மையின் சாயல் சிறிதும் இல்லை. வேர் வடசொல், உடல் தமிழ், ஆட்சி ஈழத்துக்குரிய திசைச்சொல். தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் எதனுள் இதனை அடக்குவது என்பது மாணவர் சிந்தனைக்கு நல்லதொரு வினா.

கதை என்றவுடன் கற்பனைக் கதையே இன்று நினைவுக்கு வருகிறது. அதனால், கதைத்தல் என்பது கதைசொல்லுதல் என்னும் பொருளிலிருந்து இழிந்து, வெறும் உரையாடலைக் குறிக்கலாயிற்று என்று கருதுவோர் உளர். உண்மை அத்துணை எளிதன்று. வடமொழியில் 'கதா' என்பதற்கு, புனைவு என்னும் பொருளோடு, கூடிப் பேசுதல், உரையாடல் என்னும் பொருளும் உண்டு. அதன் வேரினை 'எவ்வாறு' என்று பொருள்படும் 'கதம்' என்னும் வினாச்சொல்லோடு ஒப்பியல் மொழிநூலார் தொடர்புபடுத்துவர். 'எவ்வாறு நிகழ்ந்தது?' என்று ஒருவர் வினவ, மற்றவர் விடைசொல்வதே கதை. யாழ்ப்பாணத்துப் படலையடியில் இன்றும் நிகழ்வது அதுவே. தமிழகம் கதை என்னும் சொல்லின் புனைவுப் பொருளை வளர்த்தது. ஈழம் அதன் உரையாடற் பொருளையும் கைவிடாது காத்தது. ஆகவே இது சிதைந்த வழக்கு அன்று. பழம்பொருளைப் பேணிய வழக்கு எனலே பொருந்தும்.

பாலி மொழியிலும் 'கதேதி' என்பது சொல்கிறான், பேசுகிறான் என்னும் பொருளது. பௌத்த அபிதம்ம நூல்களுள் ஒன்றன் பெயர் 'கதாவத்து'. அது கதை நூலன்று. கொள்கை விவாதங்களின் தொகுப்பு. அதனினும் சிந்தனைக்குரியது சிங்கள வழக்கு. சிங்களத்தில் உரையாடுதலைக் குறிக்கும் அன்றாடச் சொல் 'கதா கரனவா' என்பதே. காலையில் யாழ்ப்பாணத்துச் சந்தையில் ஒருவர் கதைக்கிறார். அதே வேளையில் மாத்தறைச் சந்தையில் ஒருவர் 'கதா' செய்கிறார். மொழிக்குடும்பம் வேறு, இலக்கணம் வேறு, சொல் ஒன்று. மொழியின் பெயரால் 1956 ஆம் ஆண்டிலே சட்டம் செய்து பிரிந்துபோன இருசாரார்க்கு, ஒருவரோடொருவர் உரையாடுதலைக் குறிக்கும் சொல் பொதுவாக அமைந்திருக்கிறது. 1957 இலும் 1965 இலும் இருபக்கத்துத் தலைவர்கள் பேசி ஒப்பந்தங்கள் செய்தனர், அவை நிறைவேறவில்லை. பேச்சுவார்த்தைகள் பல நிகழ்ந்த நாட்டில், மக்கள் மக்களோடு கதைத்தது எத்துணைச் சிறிது என்பதை இவ்வொரு சொல் நினைவூட்டுகிறது.

கதைக்கும் உரையாடலுக்கும் உள்ள இவ்வுறவு இந்நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதும் அன்று. ஆங்கிலத்திலே 'டோக்' என்னும் வினை, கதையைக் குறிக்கும் 'டேல்' என்னும் பெயரோடும், சொல்லுதலைக் குறிக்கும் 'டெல்' என்னும் வினையோடும் ஒரே வேரில் நிற்பது. அவ்வேர் எண்ணுதலையும் குறித்தது. வங்கியிலே பணத்தை எண்ணித் தருபவர் 'டெல்லர்' எனப்படுவது அப்பழம்பொருளின் எச்சம். ஜேர்மன் மொழியில் எண்ணைக் குறிக்கும் சொல்லும் கதைசொல்லுதலைக் குறிக்கும் சொல்லும் இன்றும் உறவுடையன. நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி அடுக்குவதே சொல்லுதல் எனப் பழையோர் கருதினர் போலும். தமிழிலும் எண் என்னும் சொல்லே கணக்கிற்கும் நினைவிற்கும் பொதுவாக நிற்பது ஒப்புநோக்கத்தக்கது.

இலத்தீன் மொழியின் வழிவந்தோர் வரலாறு இதனினும் சுவையானது. செவ்விலத்தீனில் பேசுதலைக் குறித்த சொல் மக்கள் வழக்கில் மெல்ல மறைந்தது. அதன் இடத்தை, கதையைக் குறிக்கும் 'பாபுலா' என்னும் பெயரடியாகப் பிறந்த வினை ஸ்பானியத்திலும் போர்த்துக்கேயத்திலும் பற்றிக்கொண்டது. பிரெஞ்சும் இத்தாலியமும் உவமைக் கதையைக் குறிக்கும் 'பராபொலா' என்னும் சொல்லிலிருந்து தம் வினையை ஆக்கிக்கொண்டன. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் உரையாடுதலைப் 'பலார்' என்றனர். அதுவும் பாபுலாவின் வழித்தோன்றலே. ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒருவர் சொல்லை மற்றவரிடம் இரவல் பெறாமலே, கதையிலிருந்து உரையாடலுக்கு வரும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றனர். கற்றோர் மேடையில் ஒரு சொல்லை வைத்திருக்க, வீட்டு முற்றத்திலே கதை வழிவந்த சொல் வேரூன்றுவது மனித இயல்பு போலும்.

ஆங்கிலத்தில் 'ஸ்பீக்' என்பதற்கும் 'டோக்' என்பதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவது கடினம் என ஆசிரியர் கூறுவர். யாழ்ப்பாணத்து மாணவனுக்கு அது கடினமாதல் வேண்டுவதில்லை. முன்னையது பெரும்பாலும் பேசுதல்; பின்னையது கதைத்தல். ஒரேயோர் இடத்திற் பொறுப்பு இடம் மாறுகிறது: ஒருவரைக் கண்டிப்பதற்கு ஆங்கிலேயர் 'டோக்' என்பதன் வழிவந்த தொடரை ஆளுவர், யாழ்ப்பாணத்தார் பேச்சினை ஆளுவர். எனினும் இரண்டினையும் 'பேசுதல்' என ஒரே சொல்லால் மொழிபெயர்க்கவே மாணவன் பழக்கப்பட்டிருக்கிறான். தன் வாயில் உள்ள கருவியைக் கையில் எடுக்க அவனுக்கு அச்சம்.

இவ்வச்சத்திற்கு வரலாறு உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 ஆம் ஆண்டில் 'நானாடகம்' என்னும் தொகுதியை வெளியிட்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை நாடகத்தில் அமர்த்தினார். இலண்டனிலே ஆய்வுசெய்து மீண்ட மொழியறிஞர் ஒருவர் ஊர்மொழியை அச்சேற்றியமை அக்காலத்துக்குப் புதுமை. 1960களின் தொடக்கத்திலே ஈழத்துச் சிறுகதையும் நாவலும் மக்கள் மொழியைக் கையாண்டபோது, மரபுவழி அறிஞர் சிலர் அதனை இழிசினர் வழக்கு எனச் சாடினர்; முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்றனர். மரபுப் போராட்டம் என அறியப்படும் அவ்விவாதத்திலே மரபு பேணியோர் பக்கத்திலும் நியாயம் ஒன்று இருந்தது. ஊருக்கொரு தமிழ் எழுதப்படின், ஊர்கடந்து தமிழர் ஒருவரையொருவர் அறிவது எவ்வாறு என்று அவர்கள் அஞ்சினர். முடிவில் ஓர் உடன்பாடு தானாகவே அமைந்தது. உரையாடற் பகுதியில் ஊர்மொழி. ஆசிரியர் கூற்றில் பொதுமொழி. அவ்வுடன்பாட்டினாலே கதைத்தல் மேற்கோட்குறிகளுக்குள் அடைபட்டது. பாத்திரங்கள் 'கதைச்சன்' என்பர். ஆசிரியரோ அவர்கள் 'பேசினர்' என்று எழுதுவார்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 'கதைச்சன்' என்பது பேச்சு வடிவம். அதனைக் கட்டுரையில் விலக்குதல் முறையே. 'கதைத்தேன்' என்பதோ இலக்கணம் நிரம்பிய எழுத்து வடிவம். உரைத்தேன் என்பதற்குள்ள தகுதி அதற்கும் உண்டு. ஊர்ப்பெயர் ஒட்டியிருப்பதனாலேயே ஒரு சொல் கொச்சையாகிவிடாது. 1842 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் முயற்சியால் வெளிவந்த அகராதி தொடக்கம் இந்நாட்டவர் தமிழ்ச் சொற்களைத் திரட்டி உலகுக்கு அளித்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் யாழ்ப்பாணத்துக்குரிய சொற்களைக் குறியிட்டு ஏற்றுக்கொண்டது. தமிழகத்துப் பேரகராதி இடம்கொடுத்த ஊர்ச்சொற்களுக்கு ஊரார் தம் எழுத்தில் இடம்கொடுக்கத் தயங்குவது வியப்பன்றோ!

சொல்லுக்கு நேர்ந்தது அச்சம் மட்டுமன்று. அது வாழ்ந்த இடங்களும் மாறின. கிடுகுவேலிப் பொட்டினூடாகப் பெண்கள் கதைத்த இடத்தில் இன்று சீமெந்து மதில்கள் நிற்கின்றன. மாலைவேளைகளில் இளைஞர் குந்தியிருந்து கதைத்த மதகடிகள் போர்க்காலத்தில் வெறுமையாயின. எதனைக் கதைப்பது, எவரோடு கதைப்பது என்று ஊர் முழுவதும் அஞ்சிய ஆண்டுகள் அவை. 1983 இன் பின் கடல்கடந்தோர் பலர். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். தமிழகம் சென்றவர், 'உங்களோடு கதைக்கவேண்டும்' என்று கூறினால் கேட்டவர் புன்னகைத்தனர். கதைவிடுதலும் கதையளத்தலும் அங்கே பொய்கூறுதலைக் குறிக்குமாதலின் அப்புன்னகைக்குக் காரணம் உண்டு. வந்தவர் நாவை மாற்றிக்கொண்டனர். வாடகை வீடு தேடும் ஒருவர், தம் முதற் சொல்லிலேயே தம்மை அயலவராகக் காட்டிக்கொள்ள விரும்புவாரா? பிழைப்பின் பொருட்டு மறைக்கப்பட்ட சொல், நாளடைவில் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சொல்லாயிற்று. மேலைநாட்டில் வளரும் பிள்ளைக்கோ பாடநூலும் திரைப்படமும் தொலைக்காட்சியுமே தமிழ். 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் தொடக்கம் திரைப்படம் தமிழருக்குப் 'பேசும் படம்' அன்றோ? அது பேசக் கற்பிக்கும், கதைக்கக் கற்பிப்பதில்லை.

பேசுதல் என்னும் சொல்லைத் துரத்துதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அது தமிழர் அனைவரையும் இணைக்கும் சொல். இரண்டு சொற்கள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சினால், அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடும் அழியும் என்பதே கருத்து. ஒருவரைப் பேசுவதும் ஒருவரோடு கதைப்பதும் வேறு என்று உணர்ந்த ஒரு சமுதாயம், அவ்வுணர்வை இரண்டு வினைகளிலே பொதிந்து வைத்திருக்கிறது. மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் 'நண்பர்கள் கதைத்துக்கொண்டிருந்தனர்' என்று எழுதுவானாயின், சிவப்பு மையை எடுக்குமுன் ஆசிரியர் சற்று நிதானித்தல் நன்று. அவன் தவறியும் எழுதியிருக்கலாம். சரியான சொல்லைத் தேர்ந்தும் எழுதியிருக்கலாம்.

அடுத்த வாரம் ரொறன்ரோவிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. இடையிலே தாயிடம் கேட்டறிந்துகொண்டான் போலும், பேரன் இம்முறை சற்றுக் கூச்சத்தோடு, "அம்மம்மா, கதைப்பமோ?" என்றான்.

மூதாட்டி கதிரையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு வசதியாக அமர்ந்துகொண்டார்.

"கதை மோனை, கதை" என்றார்.